வாயுத் தலத்துக்கு ஒரு வாழ்த்துமடல்

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னதாகவே வந்து இறங்கிய என் மைத்துனன், மறுநாள் காலை எட்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனான். எட்டேகாலுக்கு இருமிக்கொண்டே இறங்கி வந்தான். “என்ன மாமா, மலையைப் பாத்துக் கும்பிடலாம்னு போனா மலையவே காணோம்?” என்றான். சென்னைக்காரன். எதையும் குறையாகவே பார்த்துப் பழகியவன். இருந்த நாலு நாளும் அவனுக்கு விளக்கம் சொல்லி மாளவில்லை. அவன் ஊருக்குத் திரும்பிய பிறகு, இனி எந்த விருந்தாளியும் எங்கள் காற்றைத் தப்பாக எடைபோட்டுவிடக் கூடாது என்று இந்த வாழ்த்துமடலை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது சந்திரகிரிக்கும் திருப்பதிக்கும் நடுவில். கிராமம் என்று சொன்னால் எங்கள் தெருக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். நகரம் என்று சொன்னால் மாநகராட்சி ஒப்புக்கொள்ளாது. இந்தப் பக்கத்துப் பேச்சில் இதற்கு ‘வெஞ்சர்’ என்று பெயர். நேற்றுவரை வேர்க்கடலை விளைந்த நிலத்தைச் சமன்படுத்தி, கிராவல் கொட்டி, எல்லைக்கல் நட்டு, முகப்பில் ஒரு வளைவு கட்டி அதற்குப் பெருமாள் பெயரை வைத்துவிட்டால் வெஞ்சர் ஆகிவிடும். சாலை பிறகு வரும். சாக்கடை அதற்கும் பிறகு. குப்பை வண்டி எந்தப் பிறவியில் வரும் என்பது மனைப் பத்திரத்தில் இல்லை. ஆனால் விற்பனைத் தாளில் ‘தூய காற்று, மலைக் காட்சி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இரண்டும் உண்மை. காற்று மலைமேல் தூய்மையாக இருக்கிறது. மலை நண்பகலில் தெரிகிறது.

முதல் மாலை மலைக்குத்தான். வடக்கே சேஷாசலம் மதில் எழுப்பினாற்போல் நிற்கிறது. அடிவாரத்தில் திருப்பதி, கடல்மட்டத்துக்கு மேல் 160 மீட்டர் போல. தலைக்கு மேலே திருமலை, 850 மீட்டரைத் தாண்டி. தெற்கிலும் மேற்கிலும் குன்றுகள். நடுவே கிழக்கு நோக்கிச் சரிந்து போகும் ஸ்வர்ணமுகி. ஆகமொத்தம், ஒரு பக்கம் விளிம்பு தேய்ந்த பெரிய பாத்திரம். மார்கழி, தை இரவுகளில் மேகம் விலகியதும் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்கிறது. தரையைத் தொட்ட காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனம். சரிவுகளில் தண்ணீர்போல வழிந்து வந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதற்கு மேலே சற்றுச் சூடான காற்று. உயரப் போகப்போகக் குளிர வேண்டியது, இங்கே உயரப் போகப்போகச் சுடுகிறது. படித்தவர்கள் இதை வெப்பத் தலைகீழ் என்கிறார்கள். எங்கள் வீட்டில் இட்லிப்பானை மூடி என்போம். மூடி விழுந்துவிட்டால் கீழே விட்ட புகை சில நூறு மீட்டருக்கு மேல் போகாது. திருட்டுப் போகாது, தொலைந்து போகாது, காலையில் அப்படியே இருக்கும்.

மூடி போட்ட பாத்திரத்தை இயற்கை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. கொடுத்ததை வீணாக்குவது எங்கள் பழக்கமில்லை.

மழை ஓய்ந்ததும் களிமண் கிடைக்கும் இடங்களில் செங்கல் சூளைகள் எழும்புகின்றன. ஈரத்தில் பச்சைக் கல் காயாது என்பதால் சூளைக்கு வறண்ட மாதங்கள்தான் பருவம். மூடிக்கும் அதே பருவம். கரும்பு வெட்டும் அப்போதுதான். சித்தூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும் அடுப்புகளில் சக்கை திகுதிகுவென்று எரியும். (வெல்லத்தை நான் குறை சொல்லமாட்டேன். பொங்கல் பானையில் அது இல்லாமல் ஆகாது.) பகலில் நெரிசல் என்று ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் பொழுது சாய்ந்தபின் புறப்பட்டு, தார்ப்பாய் போடும் சிரமம் யாருக்கும் கொடுக்காமல், விடிய விடிய ஓடுகின்றன. குப்பை விஷயத்தில் எங்கள் ஆட்களின் நுட்பத்தைப் பார்க்க வேண்டும். பகலெல்லாம் கூட்டிப் பெருக்கிக் குவித்து வைப்பார்கள். பாலிதீன், தென்னை மட்டை, தெர்மாகோல் தட்டு, போன வாரத்துக் கல்யாணத்தின் பிளாஸ்டிக் மாலை எல்லாம் ஒன்றாக. பிறகு காத்திருப்பார்கள். காற்று அடங்கி இருட்டிய பிறகுதான் தீக்குச்சி உரசுவார்கள். நண்பகலில் கொளுத்தினால் புகை மேலே போய் வீணாகிவிடும் அல்லவா? “காத்தடிக்கறப்போ வெச்சா பக்கத்து மனைக்குப் பரவிடும் சார்” என்று எங்கள் காவலாளி எனக்கு விளக்கினார். நெருப்பைப் பொறுத்தவரை அவர் சொன்னது முற்றிலும் சரி.

இரவெல்லாம் சேர்த்ததைப் பரிமாறுவதிலும் ஒரு நேரக் கணக்கு உண்டு. சூரியன் ஏறித் தரை சுட்டதும் மூடி திறந்து எல்லாம் பறந்துவிடும் என்றுதான் என் மைத்துனன் நினைத்திருந்தான். அப்படியில்லை. கீழிருந்து கிளம்பும் சூடான காற்று கலக்கத் தொடங்கும்போது, மேலே தட்டுத் தட்டாகத் தங்கியிருந்த புகை முதலில் கீழே இறங்குகிறது. அதன் பிறகே கலைந்து உயரப் போகிறது. ஆகவே தரைமட்டத்தில் புகை உச்சம் தொடுவது விடியலில் அல்ல. விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, ஏறக்குறைய எட்டு மணியை ஒட்டி. அந்த நேரத்துக்குச் சரியாக ஷேர் ஆட்டோக்களும் ஆலைப் பேருந்துகளும் பள்ளிக்கூட வண்டிகளும் தங்கள் பங்கைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பெருமாள் பெயர் போட்ட வளைவின் கீழ் பிள்ளைகள் முதுகில் பையோடு வரிசையாக நிற்கிறார்கள். காலைக் காற்று உடம்புக்கு நல்லது என்று பெரியவர்கள் கைவீசி நடந்து, மூச்சை ஆழமாக இழுத்து, எண்ணி விடுகிறார்கள். ஒரு சொட்டு வீணாவதில்லை. பதினொரு மணிக்கு மேல் காற்று ஓரளவு தெளிந்துவிடும். எங்கள் பக்கம் எதையாவது பார்வையிட வருகிற அதிகாரிகளும் அந்த நேரத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். அவர்கள் குறிப்பேட்டில் ஒரு சொல் பொய் இருக்காது.

தெலுங்கில் மூடுபனிக்கு ‘பொகமஞ்சு’ என்று பெயர். பொக என்றால் புகை. மஞ்சு என்றால் பனி. தமிழில் நாம் பனிமூட்டம் என்று சொல்லிப் பாதியை மறைத்துவிட்டோம். தெலுங்கு நேர்மையான மொழி. புகையை முன்னால் வைத்துப் பனியைப் பின்னால் வைத்திருக்கிறது. எங்கள் தெருவில் மார்கழியில் வேண்டியதெல்லாம் அந்த வரிசையை மாற்றாமல் இருப்பதுதான்.

பருவங்களும் எங்களோடு மனம் ஒத்துத்தான் வேலை செய்கின்றன. கார்த்திகை பிறந்தால் வாடை. வடகிழக்கிலிருந்து வரும் காற்று, ரேணிகுண்டா, திருப்பதிப் பக்கத்துப் புகையை அணைத்துக்கொண்டு எங்கள் சந்திரகிரிப் பக்கம் தள்ளும். ஆனி, ஆடியில் காற்று தென்மேற்கு. அப்போது எங்கள் தூசி அவர்கள் வீட்டுக்குப் போகும். சம்பந்தி வீட்டுச் சீர்வரிசைபோல. வாங்கியதைத் திருப்பித் தராமல் இருந்ததில்லை. குளிர்காலத்தில் கங்கைச் சமவெளியின் புகையும் வங்கக்கடல் வழியாகச் சுற்றிக்கொண்டு தென்னாட்டுக்கு வருவதுண்டு. வட இந்திய யாத்திரிகர்கள் வருகிறார்கள், அவர்கள் ஊர்க் காற்று வரக் கூடாதா? புண்ணியத் தலத்தில் யாரைத் தடுப்பது?

கோடை ஒரு வள்ளல். தரை கொதிக்கும் சித்திரை நண்பகலில் காற்று கலக்கும் உயரம் 2 கிலோமீட்டரைத் தாண்டும். அத்தனை பெரிய வெளியில் புகை கரைந்து மெலிந்துவிடும். அந்த வள்ளல் கொடுப்பதையும் நாங்கள் கைநீட்டி வாங்கி நிரப்பிவிடுகிறோம். கிரானைட் குவாரியும் கிரஷரும் புழுதி கிளப்ப, சாலை அகலப்படுத்தத் தோண்டிப் போட்ட மண்ணைச் சூறைக்காற்று வாரி இறைக்க, காய்ந்த காடு தானும் ஒரு கை கொடுக்கும். 2014 மார்ச்சில் சேஷாசலம் எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்துதான் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. வடகம் காய்கிற வெயிலில் இன்னொன்றும் தயாராகிறது. வண்டிப் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெயில் பதம் பார்த்து ஓசோன் ஆக்குகிறது. அதற்கு நிறமில்லை. அதனால் அதைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை. நல்ல குடிமகனுக்கு இலக்கணம் அதுதான்.

ஆனி மாதம் மாம்பழத்துக்கு. சித்தூர்ப் பக்கம் பெங்களூரா என்றும் தோதாபுரி என்றும் சொல்கிற கிளிமூக்கு மாங்காயை டிராக்டர் டிராக்டராகக் கூழ் ஆலைகளுக்கு ஏற்றிப் போவார்கள். வாசலில் வண்டிகள் மைல் கணக்கில் இஞ்சினை அணைத்தும் முடுக்கியும் காத்திருக்கும். கூழ் வெளிநாட்டுக்குப் போகிறது. தோலும் கொட்டையும் சாலையோரத்தில் புளித்து எங்களோடேயே தங்கிவிடுகின்றன. இந்த மணத்தை எந்தக் குறியீட்டிலும் சேர்க்காதது பெரிய அநியாயம்.

காற்றைச் சுத்தம் செய்வதற்கென்றே எங்களுக்கு ஒரு துறை உண்டு. அதன் பெயர் வடகிழக்குப் பருவமழை. சம்பளம் கேட்காது, கோப்பு கேட்காது, ஐப்பசியில் தானாக வந்து வேலையைத் தொடங்கிவிடும். 2021 நவம்பர் 18ஆம் தேதி அது கொஞ்சம் மிகையாகவே உழைத்தது. மலைப்பாதை சரிந்தது, அலிபிரிப் படிகளில் அருவி இறங்கியது, திருப்பதித் தெருக்களில் வண்டிகள் மிதந்தன. அன்று காற்று எத்தனை தெளிவு! முழங்கால் தண்ணீரில் நின்று நான் இழுத்த மூச்சைப்போல இன்னொன்று கிடைக்கவில்லை.

இனி கருவிகளுக்கு வருகிறேன். காற்றைப் பார்க்காமல் எங்களை யாரும் விட்டுவிடவில்லை. திருப்பதியின் காற்றை இடைவிடாமல் அளக்கும் தானியங்கி நிலையம் முதன்முதலில் எங்கே அமைந்தது தெரியுமா? திருமலையில். பெருமாளுக்குப் பக்கத்தில். அடிவாரத்தில் ரயில் சந்திப்பு, பேருந்து நிலையம், தொழிற்பேட்டை, குப்பைமேடு, பல லட்சம் மூக்குகள். இவற்றுக்கெல்லாம் ஏறக்குறைய 700 மீட்டருக்கு மேலே, இரவு மூடிக்கும் மேலே, காட்டு மரங்களுக்கு நடுவே அது நின்றுகொண்டு எண்களைச் சொல்லும். ‘திருப்பதி’ என்ற பெயரில் நாட்டுக்கே அந்த எண் போகும். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டு மாடியில் இருப்பவனுக்கு வெப்பமானி வைத்துப் பார்க்கிற இங்கிதம் வேறெங்கே வரும்? பல வருஷம் கழித்துக் கீழேயும் ஒன்று வந்தது. அது வைகுண்டபுரத்தில். முதலில் திருமலை, அடுத்தது வைகுண்டம். மூன்றாவது கருவி கைலாசத்தில்தான் என்று நான் பந்தயம் கட்டத் தயார். தட்சிண கைலாசம் என்ற பெயரோடு காளஹஸ்தி 40 கிலோமீட்டருக்குள்தானே இருக்கிறது.

சித்தூரில் கருவிக்கு இடம் பார்த்தது கங்கினேனி செருவுப் பக்கம். ஏரியின் பெயர் தாங்கிய இடம். கருவிக்கும் நல்ல காற்று வேண்டாமா?

இவை வருவதற்கு முன்னும் அளவை இல்லாமல் இல்லை. நாடு முழுக்க ஒரு முறை உண்டு: வாரத்துக்கு இரண்டு நாள் வடிகட்டித் தாளில் காற்றை உறிஞ்சி எடைபோடுவது. வருஷத்துக்கு 104 நாள். மீதி 261 நாளும் காற்று விடுப்பில் இருக்கும் என்று கொள்ள வேண்டும். தானியங்கி அளந்தாலும் குறியீட்டுக்கு எடுத்துக்கொள்வது 24 மணி நேரச் சராசரி. காலை எட்டு மணி உச்சத்தையும் நண்பகல் தெளிவையும் ஒரே கரண்டியால் கலக்கினால் இரண்டும் சமாதானமாகிவிடும். நமது தேசியக் குறியீட்டில் 51 முதல் 100 வரை ‘திருப்திகரம்’ என்று பெயர். பி.எம். 2.5 என்ற நுண்துகள் ஒரு கனமீட்டரில் 60 மைக்ரோகிராம் வரை இருந்தாலும் திருப்திகரமே. உலக சுகாதார நிறுவனம் 2021இல் 15க்கு மேல் வேண்டாம் என்றது. ஐரோப்பிய நுரையீரல் பலவீனமானது. அந்தத் திருப்திகரம் என்ற சொல்லுக்கு நேரே, எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு லேசான மூச்சுச் சிரமம் உண்டாகலாம் என்ற விளக்கமும் அரசுக் குறிப்பிலேயே இருக்கிறது. மூச்சுத் திணறும்போதும் திருப்தியோடு திணறுவது ஞானிகளுக்கே கைவரும்.

2019 ஜனவரியில் மத்திய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கி, தரத்தை எட்டாத நகரங்களுக்குப் பட்டியல் போட்டது. காலப்போக்கில் ஆந்திரத்தில் 13 ஊர்கள் அதில் வந்தன. விசாகப்பட்டினம், விஜயவாடா இவர்களோடு தோளுக்குத் தோளாக எங்கள் சித்தூர். சிறிய ஊர் என்ற பொருள் சொல்லப்படும் பெயரை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பட்டியலில் இடம்பிடிப்பது எளிதா? திருப்பதிக்குப் பட்டியலில் இடமில்லை. மலைமேல் அளந்தால் எப்படிக் கிடைக்கும் என்று என் மைத்துனன் கேட்டான். அவனுக்கு எல்லாம் சந்தேகம். திட்டத்தின் பணம் நாடெங்கும் எதற்குப் போகிறது என்று பார்த்தால் மனம் குளிரும்: பெரும்பங்கு சாலைத் தூசிக்கு. இயந்திரம் பெருக்குகிறது, லாரி தண்ணீர் தெளிக்கிறது. பெரிய துகள் அடங்கினால் மதிப்பெண் ஏறும். கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலின் அடிவரை போகிற நுண்துகள் வேறு வழியாகவே வந்து போகட்டும்; மதிப்பெண் கணக்கில் அது இல்லை.

அறிவுக்குக் குறைவு என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் காதங்கி என்று ஒரு சிற்றூர். அங்கே தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம். 1990களின் தொடக்கத்தில் ராடார் நிலையமாகப் பிறந்து 2005இல் இந்தப் பெயர் பெற்றது. 1024 ஆண்டெனாக்கள் வானத்தைப் பார்த்து வரிசையாக நிற்கும் காட்சியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். நூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம் அசைந்தால் அதற்குத் தெரியும். லேசர் ஒளியைப் பாய்ச்சித் தூசியின் அடுக்குகளைப் படிக்கிறார்கள். குன்றுகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தில் இரவு மூடி எப்போது விழுகிறது, காலையில் கரித்துகள் எப்போது உச்சம் போகிறது, பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்றெல்லாம் ஆய்வாளர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். உலகின் பல பல்கலைக்கழகங்களில் எங்கள் காற்றைப் பற்றிப் படிக்கிறார்கள். எங்கள் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் ஒரே சாலைதான். ஒருவர் வேலையில் ஒருவர் தலையிடாத பண்பால் அந்தச் சாலையில் எந்தக் காகிதமும் இதுவரை பயணம் செய்து நான் பார்க்கவில்லை.

தொண்டைமான் ஆயுதச்சாலையை ஔவைக்குச் சுற்றிக் காட்டிய கதை நினைவுக்கு வருகிறது. இதுவும் தொண்டை நாடுதான். கருவிகள் இங்கேயும் பளபளவென்று இருக்கின்றன. ஒரு கீறல் கிடையாது.

எல்லை விஷயத்தில் எங்கள் மண் எப்போதும் கவனமானது. தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழகத்துக்கு வட எல்லையாகச் சொன்ன மலை இது. 1911இல் வட ஆற்காட்டையும் கடப்பையையும் கிள்ளிச் சித்தூர் மாவட்டம் செய்தார்கள். ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960இல் திருத்தணி அந்தப் பக்கமும் சத்தியவேடு இந்தப் பக்கமுமாகப் பாகம் பிரிந்தது. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. இத்தனை கோடு போட்டும் காற்று ஒரு கோட்டையும் படித்ததாகத் தெரியவில்லை. நாங்கள் படித்திருக்கிறோம். எங்கள் தெருக்கோடியில் எரியும் குப்பையைப் பற்றிக் கேட்டேன். மாநகராட்சியில் பஞ்சாயத்து எல்லை என்றார்கள். பஞ்சாயத்தில், மனைப்பிரிவு இன்னும் ஒப்படைக்கப்படவில்லை என்றார்கள். வளர்ச்சிக் குழுமத்தில், வரைபடத்தில் அந்த இடம் பூங்கா, பூங்காவில் குப்பை எரிய வாய்ப்பே இல்லை என்றார்கள். ஒவ்வொரு பதிலும் சட்டப்படி சரி. மூன்று சரிகளுக்கு நடுவே எரியும் தீயை அணைக்க எவனுக்கு அதிகாரம்?

மலைதான் பொறுப்பு, பருவம்தான் பொறுப்பு என்று எங்கள் பெரியவர்கள் சொல்வதை நான் முழுக்க ஏற்கிறேன். முன்னுதாரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் டொனோரா என்று ஓர் ஊர். ஆற்றுப் பள்ளத்தாக்கு, இருபுறமும் குன்று, நடுவில் துத்தநாக ஆலையும் எஃகு ஆலையும். 1948 அக்டோபர் கடைசியில் மூடி விழுந்து ஐந்து நாள் திறக்கவில்லை. 20 பேர் செத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் படுத்தார்கள். ஆலைக்காரர்கள், இது தெய்வச் செயல் என்றார்கள். பருவநிலைக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று கேட்டார்கள். தெய்வம் எங்கே இருக்கிறது என்றே உறுதியாகச் சொல்ல முடியாத ஊரில் அப்படிச் சொல்லலாமென்றால், விலாசத்தோடு ஏழுமலையில் தெய்வத்தை வைத்திருக்கும் எங்களுக்கு அந்த உரிமை எத்தனை மடங்கு!

ஒரே ஒரு சமயத்தில்தான் மலை எங்களைக் கைவிட்டது. 2020 மார்ச் 20 முதல் திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் நின்றது. ஐந்து நாளில் நாடே பூட்டிக்கொண்டது. ஏப்ரலில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு மாடியில் நின்று பார்க்கிறேன்: சேஷாசலத்தின் ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது, பாறையின் செம்மை தெரிகிறது, மலைப்பாதையின் வளைவுகளை எண்ணலாம்போல இருக்கிறது. மலை அதே இடத்தில்தான் நின்றது. வெயில் அதே வெயில். இரவு மூடியும் வழக்கம்போல விழுந்துதான் இருக்கும். பாத்திரத்தில் போட எங்களிடம்தான் ஒன்றும் இல்லை. இந்தச் சின்ன விஷயத்தை வைத்து மலையின் மேலுள்ள குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்துவிடலாம் என்று மைத்துனன் வாதாடினான். ஜூனில் தரிசனம் திறந்தது, டிப்பர்கள் திரும்பின, மலையும் மறைந்தது. வழக்கு பழையபடி மலைமேலேயே நிற்கிறது.

நன்றாக நடந்ததையும் சொல்லத்தானே வேண்டும். 1944இல் முதல் மலைப்பாதையும் 1974இல் இரண்டாவதும் போட்ட பிறகு ஏறி இறங்கிய டீசல் பேருந்துகளுக்கு நடுவே, 2022இல் மின்சாரப் பேருந்துகள் வந்தன. மலைமேல் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தடை. சாமி இருக்கும் இடத்தில் புகையும் கூடாது, பிளாஸ்டிக்கும் கூடாது. அடிவாரத்தில் சாமி இல்லை என்று ஆகம விதி ஏதாவது இருக்கும், எனக்குத் தெரியாது.

பஞ்சபூதத் தலங்களில் காற்றுக்குரிய காளஹஸ்தி எங்கள் பக்கத்தில்தான். வாயுலிங்கம். கருவறையில் காற்று புக வழியில்லாத இடத்திலும் ஒரு விளக்குச் சுடர் அசைந்துகொண்டே இருக்கும் என்பார்கள். ராகு கேது பரிகாரத்துக்கு வருகிற கூட்டத்தில் வாயுவுக்கு என்ன பரிகாரம் என்று யாரும் கேட்டு நான் கண்டதில்லை. தேவைப்பட்டிருக்காது. கண்ணப்பர் கண்ணைப் பிடுங்கிக் கொடுத்த தலம் அது. பக்தியில் நாங்கள் அவருக்கு இளைத்தவர்கள் இல்லை. அவர் கொடுத்தது தன்னுடைய கண்ணை. நாங்கள் கொடுப்பது பிள்ளைகளின் நுரையீரலை, அதுவும் சிறுகச் சிறுக, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல்.

போகியன்று விடியற்காலை நாலரைக்கே மைத்துனனை எழுப்பிவிட்டேன். ஊரின் சிறப்பை அவன் ஒரே மூச்சில் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல நாள் கிடையாது. வருஷத்தின் குளிர்ந்த வாரம், மூடி இறுகிக் கிடக்கும் வேளை. வளைவின் கீழ் தெருவே கூடியிருந்தது. பழைய பாய், உடைந்த நாற்காலி, ஒயர்க் கூடை, மெத்தைப் பஞ்சு. எதிர்வீட்டுக்காரர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். “தீபாவளிக்கே எடுத்து வெச்சிட்டேன் அண்ணா” என்றார், சிரித்துக்கொண்டே. அது பற்றிக்கொண்டதும் கரும்புகை இரண்டு தென்னை உயரம் எழும்பி, எதிலோ இடித்தாற்போல நின்று, மெல்லப் பக்கவாட்டில் பரந்தது. பிள்ளைகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்கள். யாரோ “கோவிந்தா” என்று குரல் கொடுக்க, கூட்டம் முழுவதும் மலைப்பக்கம் திரும்பிக் கைகூப்பியது.

மைத்துனன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி என்னைப் பார்த்தான். “எந்தப் பக்கம் மாமா?” என்றான்.

தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினேன்.